நீல பெட்ரோல் வாசனை

வீட்டில் எதில் திருகு இருந்தாலும் அவள் விரல் தானாக அங்கே போய்விடும். சுவர்க் கடிகாரம், ரேடியோ, தையல் மெஷின் என்று ஒன்று விடாமல் கழற்றிப் பார்த்தாள். ஒருநாள் குளியலறைக் குழாயில் கை வைக்கப்போய் வீடெல்லாம் தண்ணீர் ஓடி, அப்பாவின் செருப்பு ஒன்று தெருவரை மிதந்து போனது. அன்றைக்கு அப்பா வைத்த பெயர்தான் திருகாணி. "இவளை ஏதாவது ஒரு பட்டறைல சேர்த்துவிடுங்கப்பா, நம்ம வீடாவது மிஞ்சும்" என்றார். வேடிக்கைக்குச் சொன்னது பலித்துவிட்டது. மோட்டார் சைக்கிள் பட்டறையில் கொஞ்ச காலம் இருந்தாள். பிறகு விமான மெக்கானிக் படிப்பை முடித்து, ஊருக்கு வெளியே இருந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள் என்றாகியிருந்தது.

பயிற்சிப் பள்ளி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு ஓடுபாதை, தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, அதற்குள் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானங்கள் சில, நாலு பேர் உட்காருவது ஒன்று. எல்லாமே முன்னால் காற்றாடி சுற்றும் விமானங்கள். உள்ளே இருப்பதும் கார் இன்ஜினுக்குப் பங்காளி முறை ஆகிற ஒரு நாலு சிலிண்டர் இன்ஜின்தான். ஒரே வித்தியாசம், கார் நின்றால் ஓரங்கட்டலாம், இது நின்றால் கீழே பார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே ஒரு ப்ளக், கீழே ஒரு ப்ளக் என்று இரண்டிரண்டு. ஒன்று காலை வாரினாலும் இன்னொன்று பொறி தட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த விமானங்கள் குடிக்கும் பெட்ரோல் நீல நிறம். வேறு எண்ணெயோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சாயம் போட்டு வருவது. தினம் காலையில் டாங்கியின் அடியிலிருந்து ஒரு குப்பியில் கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். சுத்தமான நீலம் என்றால் சரி. அடியில் குமிழியாகத் தண்ணீர் நின்றால் அது வடியும்வரை பிடித்துக் கொட்ட வேண்டும். அந்த நீலத்தின்மேல் அவளுக்கு ஒரு கிறுக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதே நிறத்தில் ஒரு சட்டைத் துணியைத் தேடி ஊரில் இருந்த கடையெல்லாம் ஏறி இறங்கினாள்.

பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது ஒன்றும் ரகசியமில்லை, வேலைக்கு வந்த முதல் வாரமே தெரியும். சிலிண்டருக்குள் பொறி விழுந்ததும் நெருப்பு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் காகிதம் எரிவதுபோல வரிசையாகப் பரவ வேண்டும். பொறுமையில்லாமல் மொத்தமும் ஒரே சமயத்தில் குப்பென்று வெடித்தால் சுத்தியலால் அடித்த மாதிரி பிஸ்டனில் அடி விழும், நாளாவட்டத்தில் அது ஓட்டையாகிவிடும். அப்படி முந்திக்கொண்டு வெடிக்காமல் பெட்ரோலை அடக்கி வைக்கத்தான் ஈயம். ஆனால் எரிந்த பிறகு அந்த ஈயம் முழுசாக வெளியே போகாது. விமானம் தரையில் மெதுவாக உருளும்போது சிலிண்டரில் சூடு போதாமல், கடுகளவு கடுகளவாக உருண்டு கீழ்ப் ப்ளக்குகளில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் பொறி வராது, இன்ஜின் இருமும்.

அதைச் சுரண்டி எடுப்பது திருகாணியின் வேலை. ஊசி மாதிரி ஒரு கருவியால் நோண்டுவாள், உருண்டைகள் உதிரும், மிச்சமிருக்கிற தூளை வாயால் ஊதுவாள். அந்தக் கொட்டகையில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தலைமை மெக்கானிக்கான சீஃப் அவளுக்குக் காட்டிக் கொடுத்ததும் அப்படித்தான். "ஊது, வெளிச்சத்துல பாரு, மறுபடியும் ஊது." ஊதிய கையோடு டீ வரும், அதே கையால் வாங்கிக் குடிப்பாள். யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

அவளுக்குக் கல்யாணம் ஆன கதையும் இந்தக் கொட்டகையில்தான் தொடங்குகிறது. அப்போது அவளுக்கு இடுப்பளவு கூந்தல். கொண்டை போட்டுத் துணி கட்டித்தான் வேலை செய்வாள். ஒருநாள் துணி நழுவி, ஒரு கற்றை முடி டிரில்லிங் மெஷினில் சுற்றிக்கொண்டது. சீஃப் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். பிழைத்தது தலை, போனது ஒரு பிடி முடி. "முடியா, வேலையா, நாளைக்குள்ள முடிவு பண்ணிட்டு வா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சலூனுக்குள் நுழைந்தாள். அது ஆண்கள் சலூன். இரண்டு நாற்காலி. ஒன்றில் வயதான அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், இன்னொன்றின் பின்னால் மகன் சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவள் போய் உட்கார்ந்ததும் கடையே கப்சிப் ஆனது.

"இதை எடுத்துடுங்க. காதுக்குக் கீழ ஒண்ணும் இருக்கக் கூடாது."

அவன் கத்தரியை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். "வீட்டுல கேட்டீங்களா?"

"என் தலைக்கு வீட்டுல எதுக்குக் கேக்கணும்?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து பெரியவர் சிரித்தார். மகன் வெட்டத் தொடங்கினான். பாதி வேலையில் நிறுத்தி, "தப்பா எடுத்துக்காதீங்க, உங்க தலைல பெட்ரோல் வாசனை வருது" என்றான்.

"பெட்ரோல் இல்ல. விமான பெட்ரோல்."

"அதுல என்ன வித்தியாசம்?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நெருப்பு எப்படிப் பரவ வேண்டும், எப்படிப் பரவக் கூடாது, நீலம் எதற்கு என்று முடியெல்லாம் தரையில் விழுந்து முடிகிறவரை சொன்னாள். அவன் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. வெளியே போகும்போது கண்ணாடியில் பார்த்தாள், அழகாகத்தான் வெட்டியிருந்தான். அடுத்த மாதம் முடி அரை விரற்கடை வளர்ந்ததும் மறுபடி போனாள். அதற்கடுத்த முறை கால் விரற்கடைக்கே போனாள். "இப்படியே போனா மொட்டைதான், பேசாம கல்யாணம் பண்ணிக்குங்க" என்று பெரியவர்தான் பேச்சை எடுத்தார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, சலூனுக்கு மேலே இருந்த இரண்டு அறை வீட்டுக்குக் குடிவந்தாள்.

நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் குழந்தை தங்கவில்லை. முதல்முறை வந்தது தெரிவதற்குள் போய்விட்டது. இரண்டாவது கொஞ்ச நாள் ஆசை காட்டிவிட்டுப் போனது. பெரியவர் அதுவரை சேர்த்து வைத்திருந்த கேலியையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, தினமும் கடையிலிருந்து மேலே வந்து "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். அவள் விடுப்பு எடுக்கவில்லை. கொட்டகைக்குப் போய் ப்ளக்குகளை ஊதிக்கொண்டிருந்தாள். கைக்கு வேலை இருந்தால் மனசு சும்மா இருக்கும் என்று நினைத்தாள்.

மூன்றாவது முறை நாள் தள்ளியபோது, ஒரு புது டாக்டரம்மாவிடம் போனார்கள். அந்த அம்மா வயிற்றைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்தார். நகக் கண்ணில் ஏறியிருந்த கறுப்பு எத்தனை சோப்புக்கும் போவதில்லை.

"என்ன வேலை செய்றீங்க?"

சொன்னாள்.

"பெட்ரோல்ல ஈயமா? காருக்கெல்லாம் எப்பவோ எடுத்தாச்சே?"

"சின்ன விமானத்துக்கு இன்னும் இருக்கு டாக்டர். இல்லன்னா சில இன்ஜின் தாங்காது."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "வாயால ஊதுவீங்களா?" என்று கேட்டபோது, கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தது. இருக்கவே கூடாத ஒன்று, நிறையவே இருந்தது.

"பயப்படுத்தலை, தெரிஞ்சுக்கணும்கிறதுக்காகச் சொல்றேன்" என்றார் டாக்டர். "இது எலும்புக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். வயித்துல பிள்ளை வளரும்போது எலும்புல இருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கும்ல, அப்போ இதுவும் கூடவே இறங்கலாம். இன்னையில இருந்து அந்தத் தூள் பக்கமே போகக் கூடாது. பால் குடிங்க, மாத்திரை தரேன், வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி உடுப்பு மாத்தணும், தலை குளிக்கணும். மாசா மாசம் பாத்துக்கிட்டே இருப்போம்."

"அந்த ரெண்டும் இதனாலயா?" என்று அவள் கேட்கவில்லை. கணவன் பக்கத்தில் இருந்தான்.

மறுநாள் சீஃபிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் அவளைக் கொட்டகைக் கடைசியில் இருந்த சாமான் அறைக்கு மாற்றினார். அங்கே புது நட்டு, போல்ட், வடிகட்டிகளைப் பிரித்து அடுக்குவதுதான் வேலை. ஆனாலும் கொட்டகை கொட்டகைதான், தூள் எங்கேயும் பறக்கும். அங்கே இருந்த குழாயிலோ சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர். எனவே சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாடிப்படி ஏறாமல் நேரே சலூனுக்குள் போவாள். பின்னறையில் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, தலை கழுவும் தொட்டியில் கழுத்தைச் சாய்த்து உட்காருவாள். கணவன் வெந்நீர் ஊற்றித் தலை கழுவிவிடுவான். வாடிக்கையாளர்கள் காத்திருந்தால் பெரியவர் பேப்பரை இறக்காமலே சொல்வார், "கொஞ்சம் பொறுங்க, எங்க முதலாளியம்மா வந்திருக்காங்க."

ஒருநாள் மழை. கடையில் வேறு யாரும் இல்லை, பெரியவரும் மேலே போயிருந்தார். கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்தவள், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் கேட்டுவிட்டாள்.

"அந்த ரெண்டும் என்னாலதான் போச்சா?"

அவன் விரல்கள் நின்றன.

"டாக்டரைத் தனியாப் பார்த்துக் கேட்டேன்" என்றான். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், யாராலயும் சொல்ல முடியாதுன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே. கேக்கற வரைக்கும் சும்மா இருப்போம்னு இருந்தேன்." மறுபடி தலையைத் தேய்க்கத் தொடங்கி, "உன் தலைல அந்த வாசனை வந்தப்பவெல்லாம் எனக்குப் பிடிச்சுதான் இருந்தது. மோந்து பாத்துட்டுத் தூங்குவேன். ஒருநாளாவது போய்க் குளின்னு சொன்னேனா? தப்புன்னா ரெண்டு பேர் தப்பு. உன் தலைல மட்டும் ஏத்தாத" என்றான்.

அவள் அழுதாள். அவள் நெற்றியில் வழிந்த நுரையையும் கண்ணீரையும் அவன் ஒரே கையால் துடைத்துவிட்டு, "சோப்பு கண்ணுல போயிடுச்சா?" என்று கேட்டான். "ஆமா" என்றாள். இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சலூனுக்கு சீஃப் வந்தார். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "முடி வெட்டணும்" என்றார். அவர் தலையில் காதோரம் இரண்டு கொத்து தவிர மற்றதெல்லாம் மைதானம்.

"எதை சார் வெட்டறது?" என்றான் கணவன்.

"இருக்கிறதை வெட்டு."

துணியைப் போர்த்தி, பேருக்கு நாலு தடவை கத்தரியை ஆட்டினான். மேலேயிருந்து இறங்கி வந்த திருகாணி கண்ணாடியில் சீஃபின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். இத்தனை வருடத்தில் கொட்டகைக்கு வெளியே அவரை அவள் பார்த்ததே இல்லை.

"நானும் ரத்தம் கொடுத்தேம்மா" என்றார் கண்ணாடியைப் பார்த்தே. "எனக்கு உன்னைவிட அதிகம். பசங்க எல்லாரையும் கொடுக்கச் சொல்லிட்டேன். ஊதுன்னு உனக்குச் சொன்னது நான். எனக்குச் சொன்னவர் இப்ப இல்ல. இருந்திருந்தா அவர்கிட்டப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். இல்லாததால இங்க வந்தேன்."

"விடுங்க சார். யாருக்குத் தெரியும்."

"தெரிஞ்சிருக்கணும். ஈயம்னு பேர் தெரியும், விஷம்னும் தெரியும். ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பாக்கலை." அவர் மூக்கை உறிஞ்சினார். "இனிமே ஊதறது கிடையாது. மூடின பெட்டிக்குள்ள கைய விட்டுதான் சுத்தம் பண்ணணும், தூளை உறிஞ்ச ஒரு மெஷின், கையுறை, முகத்துக்கு மூடி, எல்லாம் வாங்கியாச்சு. டீ குடிக்கத் தனி அறை. கைய கழுவாம எவனாவது கிளாஸைத் தொட்டா, அந்த கிளாஸ் அவன் தலைலதான்."

சீஃப் எழுந்து போகும்போது பெரியவர் துணியை உதறிப் பார்த்துவிட்டு, "விழுந்த முடியை எண்ணிப் பாத்தா ஒரு கை விரல் போதும்" என்றார். மூட்டை கட்டி வைத்திருந்த கேலியை அவர் மறுபடி அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். சீஃப் வாய்விட்டுச் சிரித்தார்.

சாமான் அறையில் திருகாணிக்குப் பொழுது போகவில்லை. நட்டையும் போல்ட்டையும் அடுக்கிய பிறகு யோசிக்க நேரம் நிறைய. ப்ளக்கில் ஈயம் சேருவதே தரையில் விமானம் உருளும்போதுதானே, அதைக் குறைத்தால் என்ன? விமானத்தில் ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. உள்ளே தள்ளினால் பெட்ரோல் தாராளமாகப் போகும், வெளியே இழுத்தால் பெட்ரோல் குறைந்து காற்று கூடும். தரையில் இருக்கும்போது யாரும் அதைத் தொடுவதில்லை. தாராளமாகப் பெட்ரோல் குடித்து, பாதி எரிந்தும் எரியாமலும் கரியும் ஈயமும் படிகிறது. இழுத்து வைத்து உருட்டினால் உள்ளே சூடு ஏறும், ஈயம் புகையோடு போய்விடும். எத்தனையோ இடங்களில் விமானிகள் இப்படிச் செய்வதுண்டு. இங்கே பழக்கமில்லை, அவ்வளவுதான்.

சீஃபிடம் சொன்னாள், அவர் தலையாட்டினார். பயிற்சி கொடுக்கும் விமானிகளுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் இருந்தார், கேப்டன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் முதலில் முகத்தைச் சுளித்தார். "பெட்ரோலைக் குறைச்சா இன்ஜின் வெந்து போகும்மா." உயரத்தில் முழு வேகத்தில் அந்தப் பயம் நியாயம், தரையில் மெதுவாக ஓடும்போது அவ்வளவு சூடே கிடையாது என்று அவள் விளக்கினாள். "சரி, பார்ப்போம்" என்றார். எல்லா விமானத்திலும் ஒரு சின்ன அட்டை ஒட்டினார்கள்: தரையில் சிவப்புக் குமிழைக் கொஞ்சம் இழுக்கவும்.

கீழ்ப் ப்ளக்குகளில் நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது. பெட்டிக்குள் கைவிட்டுச் சுரண்டும் வேலை பாதியாகக் குறைந்தது. திருகாணி ஏழாம் மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரத்தில்தான் அது நடந்தது.

கேப்டன் ஒரு மாணவனோடு கிளம்பினார். விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தது. பாதி தூரத்தில் இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி, இரண்டு தடவை தும்மி, சத்தம் இறங்கியது. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். விமானம் தரையை விடவில்லை. ப்ரேக் பிடித்து, வால் ஆடி, பாதையின் கடைசியில் புல்லில் இறங்கி நின்றது.

யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் கேப்டன் அத்தனை தூரத்தையும் நடந்தே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"குமிழை உள்ள தள்ள மறந்துட்டோம். பையனும் மறந்தான், நானும் மறந்தேன். உன்னோட ப்ளக்கு சுத்தமா இருக்கணும்கிறதுக்காக நாங்க சாகணுமா?"

வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை உதைத்தது. அன்று சாயங்காலம் தொட்டியில் தலை சாய்த்தபோது, "அட்டையைக் கழட்டிடச் சொல்லிட்டேன்" என்றாள். கணவன் தண்ணீரை இன்னும் கொஞ்சம் சூடாக்கினான்.

மறுநாள் காலையில் கேப்டன் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து கத்திட்டேன்."

"கத்த வேண்டிய விஷயம்தான் சார்."

"இல்ல, கேளு. கிளம்பறதுக்கு முன்னாடி இன்ஜினை ஓட்டிப் பார்க்கும்போது நல்லாத்தான் ஓடுச்சு. அதான் ஏமாந்துட்டோம். அட்டைல என்ன எழுதியிருந்தே? 'கொஞ்சம்.' அந்தக் கொஞ்சம்தான் வினை. கொஞ்சமா இழுத்தா, இழுத்தது தெரியாமலே ஓடுது. முழு வேகம் கேக்கும்போதுதான் கழுத்தறுக்குது."

அவள் நிமிர்ந்தாள். "அப்போ நிறைய இழுத்தா?"

"அதைத்தான் பாக்கணும்."

காற்று வந்த பக்கமாக அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கேப்டன் தனியாக விமானத்தில் ஏறினார். சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்தது. இன்ஜின் மெதுவாக ஓடியது. குமிழை இழுத்துக்கொண்டே வந்தார். அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். மூச்சுத் திணறி நின்றுவிடப் போகிற இடம் வந்ததும் கையை உயர்த்தினாள். அவர் ஒரு நூல் உள்ளே தள்ளினார். இன்ஜின் சீராக ஓடியது. பிறகு வேகத்தைக் கூட்டினார். கூட்டக் கூட்ட இன்ஜின் இருமியது, அடுத்த நொடி நின்றுபோனது. அங்கிருந்தே கேப்டன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். குமிழை உள்ளே தள்ள மறந்தால் இனி ஓடுபாதைக்கே போக முடியாது, புறப்படும் முன்னாலேயே இன்ஜின் காட்டிக் கொடுத்துவிடும்.

புது அட்டையின் வாசகத்தைச் சொன்னது கேப்டன், எழுதி ஒட்டியது அவள்: இழுத்தால் முழுசாக இழு, இல்லையேல் தொடாதே.

பிள்ளை பிறந்தபோது கொஞ்சம் சின்னதாக இருந்தது. பெண். அழுகை மட்டும் பெரிய இன்ஜின் அளவுக்கு. டாக்டரம்மா தொப்புள் கொடியிலிருந்து எடுத்த இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுப் போனார். முடிவு வரும்வரை கணவன் மருத்துவமனை வராந்தாவில் கிடைத்தவர்களுக்கெல்லாம் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தான் என்று பெரியவர் பிற்பாடு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். முடிவு வந்தது. கொஞ்சம் இருந்தது, ஆனால் பயந்த அளவு இல்லை. "பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார் டாக்டர், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, காலம் தவறாமல் நடந்தது, காலத்துக்கு முன்னாலேயே பேசவும் ஆரம்பித்தது.

திருகாணி வேலைக்குத் திரும்பினாள். கையுறை, முகமூடி, தனி உடுப்பு, சலூன் தொட்டி எல்லாம் அப்படியே தொடர்ந்தன. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் யார் சொல்லியும் கேட்கவில்லை. இந்தப் பெட்ரோல் இருக்கும்வரை மகளின் கால் விமான மைதானத்தில் படாது என்று சொல்லிவிட்டாள். சீஃப் கெஞ்சினார். கேப்டன் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகத் தூது விட்டார். அவள் மசியவில்லை. மகளுக்கும் விமானத்தின்மேல் பெரிய அக்கறை இல்லை. தாத்தாவின் மடியில் உட்கார்ந்து சலூனுக்கு வருகிறவர்களிடம் "குட்டையா, மீடியமா?" என்று கேட்பதுதான் அதற்குப் பிடித்த விளையாட்டு.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம், ஈயம் கலக்காத விமான பெட்ரோல் அவர்கள் ஊருக்கும் வந்தது. குட்டி இன்ஜின்களுக்கு அதுவே போதும், ஈயம் கேட்கிற அளவுக்கு அவை முரட்டு இன்ஜின்கள் இல்லை. மைதானத்தில் இருந்த எல்லா விமானமும் அந்த வகைதான். டாங்கிகளைக் காலி செய்து, கழுவி, கொட்டகைத் தரையை ஒட்ட ஒட்டத் துடைத்து, பழைய தூள் ஒரு இடுக்கிலும் இல்லை என்று தானே முட்டிபோட்டுப் பார்த்த பிறகுதான் திருகாணி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியவர் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கழன்றுகொண்டார். ஓய்வு பெற்றிருந்த சீஃப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

நாலு பேர் விமானத்தில் கேப்டன் ஏறினார். பக்கத்தில் திருகாணி, பின்னால் கணவனும் மகளும். கணவன் இதுவரை மொட்டைமாடி உயரத்தைத் தாண்டியதில்லை. பெல்ட்டைப் போட்டதுமே கண்ணை இறுக மூடிக்கொண்டான். இன்ஜின் உயிர் பெற்றது. விமானம் குலுங்கிக் குலுங்கி உருண்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. "இறங்கிட்டோமா?"

"இன்னும் ஏறவே இல்லைங்க."

கேப்டன் சிரித்த சிரிப்பில் விமானம் இன்னும் ஒருமுறை குலுங்கிய மாதிரி இருந்தது. "குமிழ் உன் பொறுப்பும்மா" என்றார். அவள் உள்ளே தள்ளினாள், தள்ளியதை வாய்விட்டுச் சொன்னாள். விமானம் ஓடியது, எழும்பியது. கீழே தகரக் கூரை சுருங்கி, பஸ் நிறுத்தம் சுருங்கி, சலூன் இருந்த தெரு ஒரு கோடாகிப் போனது. இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் பழக்கதோஷத்தில் அதன் சத்தத்தில் குறை தேடினாள், ஒன்றும் கிடைக்கவில்லை.

"பாப்பா, அங்க பாரு, நம்ம வீடு!" என்று திரும்பினாள்.

மகள் அப்பாவின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் மட்டும் ஒரு கண்ணைத் திறந்திருந்தான். திறந்த கண்ணால் வெளியே பார்க்கவில்லை. மகளின் தலை நழுவாமல் இருக்கக் கையை அண்டை கொடுத்துக்கொண்டு, "கத்தாத, எழுந்துடப் போகுது" என்றான்.